கருவி நம் கையில். ஆணை எவர் கையில்?



மறைமலைநகர்த் தொடர்வண்டி நிலையத்தினின்று தெற்கு நோக்கிச் செல்வோர், சிங்கப்பெருமாள்கோயிலைக் கடந்து பரனூரை அடைவர், அதற்கடுத்தது செங்கற்பட்டு. இச்சிறு தொலைவுக்குள் நம் காலத்தின் பெரியதொரு முரண் அடங்கிக் கிடக்கின்றது. ஒரு முனையில், 1916-ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கங் கண்டு, வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர். மறுமுனையில், 2022-ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, ஐபோன் என்னும் விலையுயர்ந்த கைப்பேசிகளைக் கோத்து அனுப்பும் பெகட்ரான் தொழிலகம். 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதன் நூற்றுக்கு அறுபது பங்கை டாட்டா எலக்ட்ரானிக்சு நிறுவனம் தனதாக்கிக் கொண்டது. அங்கே நின்று உழைப்போருள் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர். அவர்தம் கைபட்டு உருவாகும் கருவியின் உள்ளே ஓடும் ஆணைகளுள் ஒரு வரியையேனும் அவர்கள் படிக்கவோ திருத்தவோ இயலுமா? இயலாது. உடலை நாம் சமைக்கின்றோம். உயிரை வேறொருவர் ஊதுகின்றார்.

உயிர் என்று யாம் சொல்வது எதனை? கைப்பேசியாயினும், கையடக்க இசைக்கருவியாயினும், அதன் சில்லுகளுக்கு 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று கட்டளையிடும் ஆணைத்தொகுதி ஒன்று உள்ளே உறைந்திருக்கும். அதனை உள்ளுறை மென்பொருள் என்போம். பொத்தானை அழுத்தியதும் பாட்டு எழுவதும், திரையில் பாட்டின் பெயர் தோன்றுவதும், அப்பெயர் எம்மொழி எழுத்தில் தோன்றலாம் எம்மொழி எழுத்தில் தோன்றலாகாது என்பதும் அதனுடைய முடிவே. விலை கொடுத்து வாங்கியவன் பெட்டிக்குத்தான் உரிமையாளன், அம்முடிவுக்கு அல்லன்.

திருப்பெரும்பூதூரில் 2006-இல் தொடங்கப்பெற்ற நோக்கியா தொழிலகத்தை நினைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கான பேசிகள் அங்கிருந்து சென்றன. 2014-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கதவு சாத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவ்வளவு பேசிகளைச் செய்த மண்ணில், ஒரு பேசியை எழுப்பி இயக்கும் அறிவு எஞ்சிற்றா? கூலி வந்தது, போயிற்று; கல்வி வரவேயில்லை.

இனி, இதற்கு மாறாக நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

2001-ஆம் ஆண்டின் இறுதி. பிரெஞ்சு நாட்டு ஆர்க்கோசு நிறுவனம் விற்ற 'இயூக்குபாக்சு' என்னும் இசைப்பெட்டியைச் சுவீடன் நாட்டு நிரலாளர் சிலர் வாங்கினர். பெட்டி நன்று; அதன் உள்ளுறை மென்பொருள் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. நிறுவனமோ ஆணைநிரலை வெளியிடவில்லை. நம்மவராயின் முணுமுணுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியிருப்போம். பியோர்ன் இசுடென்பர்க்கு, அவருடன் பிறந்த தானியேல் இசுடென்பர்க்கு, இலினசு நீல்சன் பெல்ட்சிங்கு ஆகியோர் அவ்வாறு செய்யவில்லை. பெட்டியின் வன்வட்டில் குறித்த பெயரில் ஒரு கோப்பு இருந்தால், பெட்டி எழும்போது அக்கோப்பையே தன் ஆணையாக ஏற்றுக்கொள்ளும் என்பதை அறிந்தனர். கோப்பு எளிய முறையொன்றால் குழப்பி மறைக்கப்பட்டிருந்தது, அம்மறைப்பையும் அவிழ்த்தனர். பின்னர்த் தாமே முதலிலிருந்து வேறோர் ஆணைத்தொகுதி எழுதினர். 'இராக்பாக்சு' என அதற்குப் பெயரிட்டனர். (இராக்கு என்பது அவர்களின் இசைவகை ஒன்றன் பெயர், பாறை என்றும் பொருள்படும். மாமல்லையை அருகில் வைத்திருக்கும் நமக்குப் பாறைப்பெட்டி என்னும் பொருளே சுவையாக இருக்கின்றது!)

எழுதியதைப் பூட்டி வைத்தார்களா? இல்லை. அமெரிக்கரான இரிச்சர்டு இசுடால்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ் உலகுக்கே திறந்துவிட்டனர். அவ்வுரிமம் கூறுவது எளிது: எவரும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம்; ஆனால் திருத்திக் கொடுப்பவன் தன் திருத்தத்தையும் அவ்வாறே திறந்து கொடுத்தல் வேண்டும். வாங்கியவன் பூட்டலாகாது என்பதே அதன் உயிர்நாடி. அதனால் பிற நாட்டாரும் வந்து சேர்ந்தனர். ஐரிவர், ஆப்பிளின் ஐபாடு, சான்டிசுக்கின் சான்சா எனக் கருவிக்குப் பின் கருவியாக அத்தொகுதி ஏறிற்று. ஐபாடுக்குள் பாட்டேற்ற ஆப்பிளின் மென்பொருளே வேண்டும் என்றிருந்த கட்டை அது தளர்த்தியது. ஆப்பிள் இசைக்க மறுத்த ஒலிவடிவங்களையும் இசைத்தது. பின்வந்த ஐபாடுகளில் ஆணைத்தொகுதியையே மறையெழுத்தாக்கிப் பூட்டினர். அப்பூட்டுகளுட் சிலவற்றையும் தன்னார்வலர் திறந்தனர். 2008-இல் 3.0 பதிப்பு, 2025-இல் 4.0 பதிப்பு. கால் நூற்றாண்டை நெருங்கும் உழைப்பு இது. பெரும்பாலோர்க்குக் கூலி இல்லை.

இவற்றையெல்லாம் விட எம் நெஞ்சைத் தொட்டது ஒன்று. பார்வையற்றோர்க்காக அத்தொகுதி பேசுகின்றது. பட்டியலில் எந்தச் சொல்லின்மேல் நிற்கின்றோமோ அச்சொல்லைக் குரலாகச் சொல்லும். கோப்பின் பெயரையும் சொல்லும். இசையைத் தம் பெருந்துணையாகக் கொண்ட பார்வையற்றோர்க்கு, இசைக்கருவி வாய்திறந்து பேசுதல் எத்துணைப் பெரிய கொடை! விற்பனைக் கணக்குப் பார்க்கும் நிறுவனத்திற்கு அவர் சிறு தொகையினர். உடனுழைக்கும் தோழர்க்கு அவர் உடன்பிறப்பு.

'நல்லது, அதில் தமிழர்க்கு என்ன?' என்பீர்கள். அங்கேதான் வருகின்றோம்.

எம்மிடம் இருந்த கையடக்கப் பெட்டியொன்றில் தமிழிசைப் பாட்டுகளைத் தமிழ்ப்பெயருடன் ஏற்றினோம். திரையில் வந்தவை வெற்றுக் கட்டங்கள். ஆங்கில எழுத்தில் பெயர் எழுதிய பின்பே பெட்டி அவற்றை அடையாளங் கண்டது. தமிழ்ப்பாட்டு தமிழ்ப்பெயரோடு உட்புக இசைவு இல்லை! பொறியறிந்த நண்பரொருவர், 'சிறு கருவியில் தமிழுக்கு இடங்காணாது' என்றார். அந்தக் கூற்றை நாமே கணக்கிட்டுப் பார்ப்போமே. தமிழ் எழுத்துகள் 247. ஒவ்வொன்றுக்கும் பதினாறு புள்ளி உயரமும், கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளை எண்ணி இருபத்து நான்கு புள்ளி அகலமும் தாராளமாகவே வைப்போம். ஓர் எழுத்துக்கு 384 புள்ளி. அஃதாவது 48 பைட்டு. 247 எழுத்துக்கும் 11,856 பைட்டு. 2001-இல் அந்த ஆர்க்கோசுப் பெட்டியின் நினைவகமே இரண்டு மெகாபைட்டு, அஃதாவது 20,97,152 பைட்டு. தமிழ் முழுவதும் கேட்கும் இடம் அதில் ஏறத்தாழ 177-இல் ஒரு பங்கு! இடமில்லை என்பது பொய். இடங்கொடுக்க அங்கே நம்மவர் இல்லை என்பதே மெய்.

மெய்யான இடர்ப்பாடு வேறொன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய கட்டங்கள் 128. அதில் அகர உயிர்மெய் ஒழிந்த உயிர்மெய்கள் தனித்தனியே இடம்பெறவில்லை. அகரமேறிய எழுத்தும் உயிர்க்குறியும் அடுத்தடுத்து வைக்கப்படும். 'கெ' என்பதில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்பட, திரையிலோ கொம்பு முன்வந்து நிற்றல் வேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்றல் வேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்யும் நிரற்பகுதி இல்லாத கருவியில் தமிழ் குளறுபடியாகவே தோன்றும். தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டு ஒருங்குறியோடு, 247 எழுத்துக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் செந்தரமாக ஏற்றதன் கரணியம் இதுவே. ஆயினும் அரபியும் எபிரேயமும் வலமிருந்து இடமாக ஓடுவன. அரபியில் எழுத்து, சொல்லில் தான் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவு மாறும். அவற்றுக்கு வேண்டிய பகுதிகளை இராக்பாக்சு நிரலில் எழுதிச் சேர்த்திருக்கின்றனர். அவற்றைக் காட்டிலும் தமிழின் ஒழுங்கு எளியது. கொம்பு மூன்று, இருபுறக் குறி மூன்று. இந்த ஆறனையும் ஒழுங்குபடுத்தும் நிரல், கற்றுத்தேர்ந்த மாணவன் ஒருவன் சில நாளில் எழுதக் கூடியது.

யாழ்ப்பாணத்து முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கியபோது எவரிடமும் இசைவு கேட்டு நிற்கவில்லை. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு அஞ்சலை வளர்த்தார். 2005-இல் செல்லினம் வழியே கைப்பேசியில் தமிழ் வரச்செய்தார். இன்று ஐபோனில் தமிழைப் படிக்கின்றோமே, 'அவர்களே கொடுத்துவிட்டனரே, பின் ஏன் குறை?' என்று கேட்போர் உளர். கொடுத்தது நன்று, ஆனால் கொடுப்பவன் கையிலேயே எடுக்கும் உரிமையும் இருக்கின்றது. ஆப்பிள் நிறுவனம் 2022-இல் ஐபாடையே நிறுத்திவிட்டது. கைவிடப்பட்ட அக்கருவிகளுட் பலவற்றுக்கு இன்றும் புதிய பதிப்பு வழங்கிக்கொண்டிருப்பவர் எவர்? அந்தத் தன்னார்வலரே.

'இசைப்பெட்டி பழங்கருவி ஆயிற்றே, அதில் ஏன் உழைப்பை வீணாக்குவது?' என்பது இன்னொரு கேள்வி. பழையது என்பதனாலேயே அது நமக்கு ஏற்றது. இன்றைய கைப்பேசி மலை, அடுக்கடுக்கான பூட்டுடையது. இசைப்பெட்டியோ ஒரு மாணவன் முழுவதும் உள்ளங்கையில் அடக்கிப் படிக்கத்தக்க அளவினது.

மாமல்லையில் முற்றுப்பெறாத குடைவரைகளைக் கண்டிருப்பீர்கள். பாறை முகத்தில் கட்டங் கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடையே நின்ற புடைப்புகளை உடைத்தெடுத்து உள்நோக்கிச் சென்ற முறையை அங்கே கண்ணாற் காணலாம். முடிந்த தளியில் வேலையின் வழி மறைந்துவிடுகின்றது. முடியாததில் அது திறந்து கிடக்கின்றது. அவ்வூரிலேயே 1957-இல் அரசு கட்டடக்கலை, கற்சிலைக் கலைக்கான கல்லூரியையும் நிறுவிற்று. உளி பிடிப்போன் ஆசானின் வெட்டைப் பார்த்தே கற்கின்றான். நிரலும் அப்படித்தான். பூட்டிய நிரலிலிருந்து எந்த மாணவனும் எதையும் கற்றதில்லை. காட்டாங்கொளத்தூரிலும் வண்டலூரிலும் கேளம்பாக்கத்திலும் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! ஈராண்டு பயன்படுத்தித் தூக்கியெறிந்த பெட்டியொன்றைத் திறந்து, அதில் தமிழை ஓடவிடுதலே இறுதியாண்டு வேலையாக அமையட்டுமே. வெளியூர்க் கடையில் ஆயத்தமாக விற்கும் ஆய்வறிக்கையை விலைக்கு வாங்குவதினும் அது மேலானதன்றோ?

குறை நம்மிடமும் உண்டு. கலைச்சொல் ஆக்கினோம், மாநாடு கூட்டினோம், 1999-இல் விசைப்பலகைக்குச் செந்தரங் கண்டோம். சொல்லை ஆக்கியவன் அச்சொல் வாழும் கருவிக்குள் நுழையவில்லை. 2012-இல் தொடங்கிய கணியம் இதழினரும், காஞ்சி இலினக்சுப் பயனர் குழுவினரும் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்பி வருகின்றனர். நம் மேடைகளில் அவர்களுக்கு எத்தனைமுறை இடங்கொடுத்தோம்?

இராக்பாக்சின் மொழிக்கோப்பு எளிய எழுத்துக்கோப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கில வடிவம், திரையில் காட்டவேண்டிய வடிவம், குரலில் சொல்லவேண்டிய வடிவம் என மூன்று இடம் உண்டு. நிரலறியாத தமிழாசிரியரும் நிரப்பலாம். அங்கே நமக்குரிய செல்வமும் இருக்கின்றது. தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் மெலிவு, வலிவு எனவும், இடைப்பட்டதற்குச் சமன் எனவும் பழந்தமிழிசை பெயர் வைத்திருக்கின்றது. ஆனால் திரையில் 'மெலிவு' என்று கண்ட இளைஞன் மின்கலம் மெலிந்ததென்று எண்ணக்கூடும். ஆதலின் கீழொலி, மேலொலி என்றே வைக்கலாமென்பது எம் கருத்து. புலவர் சிலர் இதற்கு உடன்படார். உடன்படாமையை மொழிக்கோப்பில் எழுதி அனுப்பட்டும், கட்டுரையில் அன்று. ஒலியளவு, இசைப்பட்டியல், மீளிசை ஆகியன ஒருவாறு அமைந்துவிட்டன. பாட்டுகளை வரிசை குலைத்து இசைப்பதற்கு மட்டும் நல்ல சொல் வாய்க்கவில்லை. 'குலுக்கல்' என்றால் பரிசுச்சீட்டு நினைவுக்கு வருகின்றது. 'கலைத்தல்' என்றால் பட்டியலையே அழித்துவிடுமோ என அஞ்சுவர். குரலில் கேட்கும் பார்வையற்றவர்க்கும் ஒரே கேட்பில் விளங்குவதாக, நான்கெழுத்துக்கு மிகாத சொல் கண்டோர் எழுதுக.