புகார் செய்பவர் பகைவரா?

காலை ஏழரை மணி. கட்டுமானத் தளம் ஒன்றில் வேலை தொடங்குவதற்கு முன்பு ஊழியர்கள் கூடி நிற்கிறார்கள். அன்று எந்தப் பகுதியில் என்ன வேலை நடக்கும், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் விளக்குகிறார். ஊழியர்கள் இதை ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’ என்பார்கள். கடைசியில் அவர், “ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று கேட்கிறார். யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால், முதல் நாள் மாலை ஐந்தாம் மாடி உயரத்தில் சாரத்தின் தடுப்புக் கம்பி ஒன்று கழன்று கிடந்ததை ஓர் இளம் ஊழியர் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கையை உயர்த்தப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் மூத்த ஊழியர் மெல்லிய குரலில், “தம்பி, நமக்கு எதுக்கு வம்பு? வந்த வேலையைப் பாரு,” என்கிறார். உயரத் தொடங்கிய கை இறங்கிவிடுகிறது.

அந்த மூத்தவர் கெட்டவர் அல்லர். அவருக்குத் தம்பிமீது அக்கறை இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறார். வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். “ஆபத்தைக் கண்டால் உடனே புகார் செய்யுங்கள்” என்று சுவரொட்டி ஒட்டுவது எளிது. புகார் செய்பவரை ஒரு வேலையிடம் எப்படி நடத்துகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

சிங்கப்பூர் இந்தக் கேள்வியை மறக்க முடியாத விதத்தில் சந்தித்த ஆண்டு 2004. அப்போது வட்டப்பாதை எம்ஆர்டி தடத்திற்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே ஆழமாகப் பள்ளம் தோண்டப்பட்டு வந்தது. ஏப்ரல் 20ஆம் தேதி காலையிலிருந்தே தளத்தில் இரும்பு அடிபடுவதுபோன்ற ஒலி திரும்பத் திரும்பக் கேட்டது. பள்ளத்தின் சுவர்களைத் தாங்கி நின்ற எஃகு உத்தரங்கள் வளையத் தொடங்கியிருந்தன. அவற்றை வலுப்படுத்தும் முயற்சியும் நடந்தது. பிற்பகல் மூன்றரை மணியளவில் எல்லாம் சரிந்தது. ஆறு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையின் ஒரு பகுதி பள்ளத்திற்குள் போனது. நால்வர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவரான ஹெங் இயோவ் பியாவ் என்னும் ஃபோர்மன், தம் குழுவினரை முதலில் வெளியேறச் செய்தவர். அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

பின்னர் நடந்த விசாரணையில் ஒன்று தெளிவானது. எச்சரிக்கை அறிகுறிகள் அன்று காலையில் மட்டும் தோன்றியவை அல்ல. சுவர்கள் அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக நகர்வதை அளவுகருவிகள் அதற்கு முன்பே காட்டியிருந்தன. அந்த எண்களுக்குத் தர வேண்டிய மதிப்பு தரப்படவில்லை. அதாவது, ஆபத்து யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கவில்லை. ‘வேலையை நிறுத்துங்கள்’ என்ற சொல் பிறக்க வேண்டிய நேரத்தில் பிறக்கவில்லை. அதே ஏப்ரல் மாதத்தில் ஒன்-நார்த் வட்டாரக் கட்டுமானத் தளம் ஒன்றில் இருவரும், அடுத்த மாதம் கப்பல் பட்டறை ஒன்றில் மூண்ட தீயில் எழுவரும் மாண்டனர்.

இந்த மூன்று விபத்துகளும் நாட்டின் சட்டத்தையே மாற்றின. பழைய தொழிற்சாலைச் சட்டத்திற்குப் பதிலாக வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஆபத்து மிகுந்த தொழில்களுக்கு மட்டும் பொருந்திய அச்சட்டம், 2011 முதல் அலுவலகம், உணவகம், கடை என எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. 2004ஆம் ஆண்டில் ஒவ்வொரு நூறாயிரம் ஊழியர்களுக்கும் 4.9 என இருந்த வேலையிட மரண விகிதம், 2023இல் ஒன்றுக்குக் கீழ் இருந்தது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த 2023இல் 36 பேர் வேலைக்குப் போய் வீடு திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 43ஆக உயர்ந்தது.

புகார் செய்வதற்கான வழிகள் இப்போது கடினமானவை அல்ல. முதலில் மேற்பார்வையாளரிடமோ நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடமோ சொல்லலாம். கழன்ற கம்பியை அரைமணி நேரத்தில் பூட்டிவிடக்கூடியவர்கள் அவர்கள்தாம். சொல்லியும் பயனில்லை என்றாலோ, சொல்வதற்கே அச்சமாக இருந்தாலோ, மனிதவள அமைச்சை நேரடியாக நாடலாம். தொலைபேசியில் அழைக்கலாம்; ‘ஸ்னேப்சேஃப்’ என்ற சேவையின் வழியாகக் கைப்பேசியில் எடுத்த படத்துடன் இணையத்தில் அனுப்பலாம். அங்கு வேலை செய்பவர்தாம் அனுப்ப வேண்டும் என்பதில்லை. எதிர்ப் புளோக்கின் சன்னலிலிருந்து பார்க்கும் குடியிருப்பாளர்கூட, பாதுகாப்புப் பட்டை அணியாமல் கூரை விளிம்பில் நடப்பவரைப் பற்றித் தெரிவிக்கலாம்.

புகார் பயன்பட வேண்டுமானால் அதில் விவரம் இருக்க வேண்டும். ‘அந்தத் தளம் ஆபத்தானது’ என்று மட்டும் எழுதினால் அதிகாரி எதைத் தேடிப் போவார்? தளத்தின் முகவரி, வாசல் பலகையில் உள்ள நிறுவனத்தின் பெயர், ஆபத்து இருக்கும் மாடி, அதைப் பார்த்த நாளும் நேரமும், அது ஒருமுறை நடந்ததா தினமும் நடக்கிறதா என்பது ஆகியவை வேண்டும். படம் எடுக்க முடிந்தால் நல்லது. படம் எடுப்பதற்காகச் சாரத்தின் விளிம்புவரை போவது மட்டும் கூடாது! அமைச்சின் அதிகாரிகளுக்கு வேலையிடத்திற்குள் நுழைந்து சோதிக்கும் அதிகாரம் உண்டு. குறையைச் சரிசெய்யுமாறு உத்தரவிடலாம். நிலைமை மோசமாக இருந்தால் வேலையையே நிறுத்தி வைக்கலாம். சட்டத்தை மீறும் நிறுவனத்திற்கு முதல் குற்றத்திற்கே ஐந்து லட்சம் வெள்ளிவரை அபராதம் விதிக்கப்படலாம்.

இவற்றோடு இன்னொரு முக்கியமான பிரிவும் சட்டத்தில் உள்ளது. அதிகாரியிடம் புகார் செய்ததற்காகவோ அவருக்கு உதவியதற்காகவோ ஓர் ஊழியரை வேலையிலிருந்து நீக்குவது குற்றம். நீக்கிவிடுவதாக மிரட்டுவதும் குற்றம்.

இவ்வளவு இருந்தும் அந்த இளம் ஊழியரின் கை ஏன் இறங்குகிறது? அவருடைய இடத்தில் நின்று பார்த்தால் புரியும். சிங்கப்பூரின் கட்டுமானத் துறையில் உழைப்பவர்களில் ஏராளமானோர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். முகவருக்குக் கொடுத்த பணத்திற்காக ஊரில் நகை அடகுக் கடையில் இருக்கும். சிலருக்கு நிலத்தின் பத்திரமே அடமானத்தில் இருக்கும். அந்தக் கடன் தீர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அவருடைய வேலை அனுமதியோ ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி அதை ரத்துசெய்துவிட்டால் விமானம் ஏற வேண்டிய நிலை வரலாம். ‘புகார் செய்ததற்காக’ என்று யாரும் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ‘வேலை குறைந்துவிட்டது’ என்று எழுதினால் போதும். காரணம் எதுவென்று நிரூபிப்பது அவருக்கு எளிதா? கழன்ற கம்பியை மிக அருகில் பார்ப்பவர்தான், அதைச் சொன்னால் அதிகம் இழக்கக் கூடியவராகவும் இருக்கிறார்.

ஆகவே, ‘ஊழியர்களுக்குத் துணிச்சல் வேண்டும்’ என்று அறிவுரை கூறுவதோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. துணிச்சல் இல்லாதவரும் பேசக்கூடிய வேலையிடத்தை அமைப்பது முதலாளியின் கடமை. அதற்குப் பெரிய செலவும் இல்லை. மேற்பார்வையாளர் கேள்வியைக் கேட்டதும் கலைந்து போகச் சொல்லாமல் சற்றுப் பொறுத்திருக்கலாம். தமிழ், வங்காளம், மாண்டரின் என ஊழியர்களுக்குத் தெரிந்த மொழியில் கேட்கலாம். குறையைச் சொன்னவரின் பெயரைப் பலர் முன்னிலையில் கூறாமல், குறையை மட்டும் சரிசெய்து காட்டலாம். ஒருவர் சொன்னது அன்றே சரிசெய்யப்பட்டால் மறுநாள் இன்னும் இருவர் பேசுவார்கள்.

சில தளங்களின் வாசலில் ‘விபத்தில்லா நாள்கள்’ என்று எண்ணிக்கை எழுதிய பலகை இருக்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால், எண் 300ஐத் தொடப்போகும் நேரத்தில் ஒருவருடைய விரல் நசுங்கினால் என்ன ஆகும்? குழுவுக்குக் கிடைக்கவிருக்கும் பரிசு தன்னால் கெட்டுவிடக் கூடாதென்று அவர் வலியை மறைக்கக்கூடும். விபத்துகளின் எண்ணிக்கை குறைவதும் விபத்துச் செய்திகளின் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல. ஊழியர்கள் சொல்லிச் சரிசெய்யப்பட்ட குறைகள் எத்தனை என்று அந்தப் பலகையில் எழுதினால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இதற்கு மறுப்பும் உண்டு. ‘ஆளாளுக்குப் புகார் செய்தால் வேலை எப்படி நடக்கும்? ஒரு நாள் வேலை நின்றால் ஆயிரக்கணக்கில் இழப்பு. பிடிக்காத மேற்பார்வையாளரைப் பழிவாங்கப் பொய்ப் புகார் கொடுப்பவர்களும் இருக்கிறார்களே?’ என்று முதலாளிகள் சிலர் கேட்பார்கள். பொய்ப் புகார் வரவே வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால், புகார் என்பது தீர்ப்பு அல்ல. அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகே நடவடிக்கை எடுப்பார். கம்பி பூட்டப்பட்டிருந்தால் அவர் திரும்பிப் போவார். நிறுவனம் இழப்பது சில மணி நேரமாக இருக்கும். பூட்டப்படாத கம்பியால் ஏற்படும் இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

2024 ஜூன் முதல், ஐம்பது லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் திட்டங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இனி ஊழியர் வாய் திறக்க வேண்டியதில்லை, கேமரா பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறு. காலடியில் பலகை ஆடுவது அதன்மேல் நிற்பவருக்குத்தான் தெரியும். பாரந்தூக்கியின் சத்தம் நேற்றுப்போல் இல்லை என்பதை அதைத் தினமும் இயக்குபவர்தான் உணர்வார்.

அண்டை நாடான மலேசியா இன்னும் ஒரு படி எடுத்து வைத்துள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதை அகற்றாவிட்டால், ஊழியர் அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்ற உரிமையை அங்குள்ள சட்டம் 2024 ஜூன் முதல் வழங்குகிறது. ‘சொல்லலாம்’ என்பதோடு ‘விலகலாம்’ என்பதும் எழுத்தில் இருக்கும்போது, மூத்த ஊழியரின் அறிவுரையும் காலப்போக்கில் மாறக்கூடும்.

இவை யாவும் பெரியவர்களின் உலகத்துக் கவலைகள் என்று மாணவர்கள் எண்ண வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் உணவகத்தில் பகுதிநேர வேலைக்குச் செல்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் பலர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்தோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தோ வேலைப் பயிற்சிக்குச் செல்வார்கள். சமையலறைத் தரையில் எண்ணெய் வழிந்து கிடக்கிறது; இறைச்சி வெட்டும் இயந்திரத்தின் மூடி கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது; பின்வாசல் முழுவதும் அட்டைப் பெட்டிகள். பதினாறு வயது மாணவி ஒருத்தி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே இவற்றையெல்லாம் பார்க்கக்கூடும். ‘புதிதாக வந்தவள், நான் எப்படிச் சொல்வது?’ என்றுதான் அவளுக்கும் தோன்றும்.

மேலாளரிடம், “அண்ணா, பின்கதவைத் திறக்க முடியவில்லை, பெட்டிகளை எங்கே வைக்கலாம்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பெரும்பாலும் அதுவே போதும். பெட்டிகள் மறுவாரமும் அங்கேயே இருந்தால், அவள் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம். இயந்திரம், வழுக்கும் தரை போன்றவற்றை மனிதவள அமைச்சிடமும், அடைபட்ட தீத்தப்பு வழியைக் குடிமைத் தற்காப்புப் படையிடமும் அவர்கள் தெரிவிக்கலாம். அவளே தெரிவிக்கவும் தடையில்லை. அதற்குள் அந்தப் பெட்டிகளை யாரேனும் நகர்த்தியிருந்தால் இன்னும் நல்லது.