தாழ்ந்து ஒலிக்கும் அழுத்தம்

தமிழ்ச் சொல்லின் முதலசையில் அழுத்தம் உண்டு என்று கூறும் ஆய்வாளர் உளர். தமிழில் அழுத்தமே இல்லை என்பாரும் உளர். இரண்டாவது கூற்று எளிதில் ஏற்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அழுத்தம் பெற்ற அசை, ஆங்கிலத்தில் பெரும்பாலும் நிகழ்வதுபோல, உரத்தும் உயர்ந்தும் ஒலிக்க வேண்டும் என்று காது எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு எல்லா மொழிக்கும் பொருந்தாது என்பதற்குக் கொல்கத்தாவின் வங்காளமே சான்று.

சுநீதிகுமார் சட்டர்ஜி, 1926இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தம் பெருநூலில், வங்காளத்தின் முதலசை அழுத்தத்தை வரலாற்று நோக்கில் ஆராய்ந்தார். ‘விசுவவித்யாலய’ என்னும் வடமொழித் தொகை வங்காளியின் நாவில் ‘பிஷ்ஷொபித்தாலொய்’ ஆகும்; அழுத்தம் ‘பிஷ்’ என்பதில் விழும். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற அதிதி லாஹிரியும் அமெரிக்க அறிஞர் புரூஸ் ஹேய்ஸும் 1991இல் இதனை மேலும் விளக்கினர். வங்காளத்தில் ஒரு தொடரின் முதற்சொல்லே மிகுந்த அழுத்தம் பெறும். இயல்பான கூற்றில் அவ்வழுத்த அசையின் சுருதி தாழ்ந்திருக்கும். தொடரின் இறுதியை நோக்கியே அது உயரும்.

ஹூக்ளிக் கரையிலுள்ள சேரம்பூர் 1755 முதல் டேனியர் வசம் இருந்தது. தரங்கம்பாடியோடு சேர்த்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அந்த டேனியரின் மொழியிலும் நீண்ட தொகைச்சொற்கள் மிகுதி. இருப்புப்பாதை நிலையத்தை அவர்கள் ‘யெர்ன்பேனஸ்டஷோன்’ என ஒரே சொல்லாக எழுதுவர். முதன்மை அழுத்தம் இரும்பைக் குறிக்கும் ‘யெர்ன்’ என்பதில் நிற்கும். பின்னுறுப்புகள் இரண்டாம்நிலை அழுத்தமே பெறும். கோபன்ஹேகன் வழக்கிலும் அழுத்த அசை தாழ்ந்தும், அடுத்த அசை உயர்ந்தும் ஒலிக்கும். இந்த ஒற்றுமை தொடர்பால் விளைந்ததன்று. ஆயினும் தாழ்ந்த சுருதியும் அழுத்தத்தின் அடையாளமாகலாம் என்பதற்கு இவ்விரு மொழிகளும் போதும்.

தமிழ் மரபுக்கு இச்சிந்தனை அயலானதன்று. தொகைகள் யாவும் ஒருசொல்லின் நடையுடையன என்கிறது தொல்காப்பியம். எடுத்தல், படுத்தல், நலிதல் என ஒலிப்பு முயற்சியைப் பகுக்கிறது நன்னூல். எழுத்தில் ஒன்றாய் நிற்கும் வடிவத்தை ஓசை வேறுபாட்டால் வினையென்றும் பெயரென்றும் உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினர். படுத்தலும் பொருள் உணர்த்தும் என்று அறிந்திருந்த மரபின் வழிவந்தோர், உயர்ந்த ஒலியை மட்டும் தேடி, அது அகப்படாதபோது அழுத்தமே இல்லை என்று முடிவு செய்வது பொருந்துமா?

எனவே, தனிச்சொல்லை மட்டும் ஒலிக்கச் செய்து கேட்பது போதாது. ‘இருப்புப்பாதைப் பணியாளர்’ போன்ற தொகைகளைத் தனித்தும், வாக்கியத்தின் முதலிலும் இடையிலும் வைத்தும், பல வட்டார வழக்கினரைப் பேசச்செய்து பதிவு செய்தல் வேண்டும். சுருதியின் ஏற்றத்தோடு தாழ்வும், அசையின் நீளமும் அளக்கப்படுதல் வேண்டும். அதன்பின் ‘அழுத்தம் இல்லை’ என்றே தெரியவந்தாலும் அது தமிழைப் பற்றிய முடிவாக இருக்கும். இன்றோ, பலவேளைகளில், அது ஆங்கிலக் காதைப் பற்றிய முடிவாகவே இருக்கிறது.