மலைப்பாதையில் மிதிவண்டி

பூசை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கொல்கத்தாவில் மேல்வகுப்பு மாணவரிடையே ஒரு பேச்சு எழுகிறது. மிதிவண்டிகளுடன் டார்ஜிலிங் மலைக்குச் சென்று வந்தால் என்ன என்பதே அது. பெற்றோர் பலர் கேட்ட அளவிலேயே மறுத்துவிடுகின்றனர். மாணவர்களோ விமல் முகர்ஜியைத் துணைக்கு அழைக்கின்றனர். 1926ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், இந்நகரின் டவுன் ஹாலிலிருந்து மூன்று நண்பர்களுடன் மிதிவண்டியில் உலகம் சுற்றப் புறப்பட்டவர் அவர். கையில் பெரும்பொருள் இல்லை. வழியில் கிடைத்த வேலைகளைச் செய்து பயணத்தைத் தொடர்ந்தார். 1937இல்தான் ஊர் திரும்பினார். "அவர் என்ன, அட்டவணை போட்டுக்கொண்டா சென்றார்?" என்பது மாணவரின் வினா.

இவ்விரு தரப்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. பதினோராம் வகுப்பு மாணவர், தக்க பெரியோர் துணையுடன் மலையில் மிதிவண்டி ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். ஆனால் விமல் முகர்ஜியிடம் பத்து ஆண்டுகள் இருந்தன. மழை பிடித்துக்கொண்டால் ஓரூரில் ஒரு மாதம் தங்கினாலும் அவருக்குக் குறையில்லை. நமக்கு வாய்ப்பதோ நான்கைந்து நாள். காலம் குறைந்தவர்க்கே திட்டம் மிகுதியாக வேண்டும்.

திட்டம் என்றவுடன் மாணவர் எழுதுவது தொலைவுக் கணக்கு. சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சென்றால் ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்பர். கணக்கில் பிழையில்லை, அது சமவெளியின் கணக்கு என்பதே குறை. கொல்கத்தா தட்டையான நகரம். இங்கே ஏற்றம் என்றால் மேம்பாலந்தான். அதிலும் மிதிவண்டிக்கு இடமில்லை. முதன்மைச் சாலைகள் பலவற்றிலும் தடை. பிறகு ஏற்றம் என்னவென்று கால்களுக்கு எப்படித் தெரியும்? தஞ்சைச் சமவெளியில் வளர்ந்த எனக்கும் ஆற்றுப்பாலமே நெடுங்காலம் மலையாக இருந்தது.

மலைநாட்டில் முதலில் எழுத வேண்டியது உயரக் கணக்கு. சிலிகுரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரத்தில் உள்ளது. பத்துக் கிலோமீட்டர் கடந்து சுக்னா சேரும்வரை சாலை ஏறக்குறைய சமமாகவே செல்லும். அங்கே காடு தொடங்குகிறது, ஏற்றமும் தொடங்குகிறது. திந்தாரியாவைத் தாண்டிக் கர்சியாங் சேரும்போது உயரம் 1,450 மீட்டரைக் கடந்துவிடும். மேலும் ஏறினால் கூம். அதன் ரயில் நிலையம் 2,258 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து டார்ஜிலிங் வரை சில கிலோமீட்டர் இறக்கம். ஆகவே இப்பயணத்தின் உண்மையான அளவு, சுக்னாவுக்கும் கூமுக்கும் இடையிலுள்ள 2,100 மீட்டர் ஏற்றமே. மூட்டையுடன் ஏறும் மாணவர் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் சென்றால் அது நல்ல வேகம். ஒரே நாளில் முடிக்க எண்ணுவது பேராசை. முதல் இரவைக் கர்சியாங்கில் கழித்து, மறுநாள் கூம் ஏறுவதே முறை.

மலைமக்கள் பேசும் நேபாளி மொழியில் ஏற்றத்திற்கு 'உகாலோ', இறக்கத்திற்கு 'ஓராலோ' என்று சொற்கள் உண்டு. வழி கேட்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு நில்லாமல், எவ்வளவு உகாலோ என்றும் கேட்டுப் பாருங்கள்.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நல்ல துணை நமக்கு உண்டு. 1879இல் தொடங்கி 1881இல் முடிக்கப்பட்ட டார்ஜிலிங் இமயமலை இருப்புப்பாதை, பழைய வண்டிச் சாலையை ஒட்டியே அமைக்கப்பட்டது. நம் நீலகிரி ரயிலுக்குச் செங்குத்தான பகுதியில் பற்சட்டம் உண்டு. சக்கரப் பற்கள் அதைக் கவ்விப் பிடித்து ஏறும். டார்ஜிலிங்கில் அத்தகைய பற்சட்டம் இல்லை. அதனால் பாதையை வளையமாகச் சுற்றியும், முன்னும் பின்னுமாகச் சென்று ஏறும்படி மடக்கியும் சரிவைத் தணித்தனர். நீராவி எஞ்சினுக்காகத் தணிக்கப்பட்ட அந்தச் சரிவு இன்று மிதிவண்டிக்கும் உதவுகிறது. ஹில் கார்ட் சாலையில் சராசரியாக முப்பது மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் ஏறுகிறோம். பங்காபாரி வழி கர்சியாங்கிற்குக் குறுக்குவழியாக வரைபடத்தில் தோன்றும். அதன் செங்குத்தைத் தாள் காட்டாது. ஏறும்போது அங்கே வண்டியைத் தள்ள நேரும். தள்ளுவது இழிவன்று, அவ்வழியில் இறங்குவதே அச்சம். பிரேக்கை விடாமல் பிடித்தால் கட்டைகள் சூடேறித் தேயும், விரல்களும் மரத்துப்போகும். ஏற்றத்தில் களைப்பு வரும், இறக்கத்தில் விபத்து வரும் என்பதால் புதிய பிரேக் கட்டைகள் இரண்டு இணையேனும் பையில் இருக்க வேண்டும். தலைக்கவசம் பற்றி வாதமே வேண்டா.

இனிக் காலம். பூசை விடுமுறையே வேண்டும் என்பது மாணவர் விருப்பம்; குளிர்கால விடுமுறையே ஏற்றது என்பது என் கருத்து. அக்டோபர் தொடக்கத்தில் இம்மலைகளை விட்டு மழை முற்றும் நீங்குவதில்லை. 2025 அக்டோபர் 4, 5ஆம் நாள்களில் பெய்த பெருமழையில் மிரிக் பகுதியில் மண் சரிந்து பலர் உயிரிழந்தனர். சிலிகுரியையும் மிரிக்கையும் இணைத்த துதியா இரும்புப் பாலம் இடிந்தது. துர்க்கை பூசை முடிந்து சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருந்த நேரம் அது. 2010இல் பாக்லா ஜோரா என்னுமிடத்தில் மலை சரிந்து சாலையும் இருப்புப்பாதையும் துண்டிக்கப்பட்டன. ரயில் மீண்டும் முழுப் பாதையிலும் ஓட 2015 ஆயிற்று. பாக்லா ஜோரா என்றால் பித்துப்பிடித்த நீரோடை என்று பொருள். ஊரார் காரணமின்றி அப்பெயரை இடவில்லை.

டிசம்பரில் குளிர் கடுமைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறைகிறது. ஆயினும் குளிருக்குக் கம்பளி உண்டு. சரியும் மண்ணுக்கு மாற்று ஏது? பகல் குறுகியது என்பதை மட்டும் மறக்கலாகாது. கிழக்குக் கோடியில் இருப்பதால் அங்கே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர வேண்டும். மூன்று மணிக்கு எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரில் தங்குவது, அல்லது வாடகை ஜீப்பில் வண்டிகளை ஏற்றிச் செல்வது என்று புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். சாலையில் நின்று விவாதித்தால் துணிச்சல்காரர் குரலே வெல்லும்.

இதனோடு சேர்ந்தது, குழுவில் மெதுவாக ஓட்டுபவர் பற்றியது. அவரைப் பின்னால் விட்டு முந்திச் செல்வது சமவெளியில் விளையாட்டு, மலையில் கொடுமை. வளைவுக்கு வளைவு பார்வை மறைவதால், பத்து நிமிட இடைவெளி போதும், அவர் தனியாகிவிடுவார். சங்கிலி அறுந்தாலும் முன்னே சென்றவருக்குத் தெரியாது. எனவே மெதுவானவர் முன்னே செல்லட்டும். வலியவர் கடைசியில் வரட்டும். அன்றைய தொலைவையும் அந்த முன்னவரின் கால்களே முடிவு செய்யட்டும். "திரும்பிவிடலாம்" என்று அவர் சொன்னால் ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதிக்கு ஒப்பாத குழுவை நான் அனுப்பமாட்டேன்.

தங்கும் ஊர்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். மலை நகரங்களில் கோடைக்கு முன்பே தண்ணீர்த் தட்டுப்பாடு தலைகாட்டும்; வாளிக் கணக்கில் விலைக்கு வாங்கும் வீடுகள் உண்டு. அங்கே சென்று சேறு படிந்த வண்டியைக் குழாயடியில் கழுவுவது விருந்தினர்க்கு அழகன்று. துணியால் துடைத்தால் போதும்.

சியால்தாவில் இரவு ரயில் ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கலாம். மிதிவண்டிகளை முன்பே பதிவு செய்து சரக்குப் பெட்டியில் அனுப்பலாம். அதற்கு முன் மாணவர் ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டியவை சில: ஒவ்வொரு நாளும் ஏறும் உயரம், மூன்று மணிக்குச் சேரும் ஊர், அவ்வூர் மருத்துவமனை, ஜீப் கிடைக்கும் இடம், திரும்பும் முடிவைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பது. பெற்றோர் முன்னிலையில் மாணவரே அத்தாளைப் படித்து விளக்கட்டும். நவம்பர் முடிவதற்குள் அத்தாளுடன் வரும் குழுவுக்கு, துணைவரும் பெரியோர் இருவரில் ஒருவராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.