டெல்லியில் புறப்பட்டு திருச்சியில் இறங்கினால்... பல நகரப் பயணச்சீட்டில் மிச்சம் எங்கே, ஆபத்து எங்கே?

புதுடெல்லி: தெற்கு டெல்லியின் மோதி பாக் பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் உள்ளன. இத்தகைய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோடை விடுமுறை இரண்டு பயணங்களைக் கொண்டுவருகிறது. ஒன்று சொந்த ஊருக்கு. மற்றொன்று சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரியும் பிள்ளைகளையும் உறவினரையும் பார்க்க.

இந்த இரண்டையும் தனித்தனிப் பயணங்களாக வைத்துக்கொள்வதே வழக்கம். ஆனால் டெல்லியில் விமானம் ஏறி, திரும்பும்போது நேராகத் திருச்சியில் இறங்கினால், ஒரே சுற்றில் இரண்டும் முடிந்துவிடும். விமான நிறுவனங்களின் இணையதளங்களில் 'ஒருவழி', 'இருவழி' ஆகியவற்றுடன் மூன்றாவதாக இடம்பெறும் 'மல்டி சிட்டி' என்ற வசதி இதற்குத்தான் உள்ளது. சரியாகப் பயன்படுத்தினால் ஒரு குடும்பத்தின் செலவில் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். தவறாகப் பயன்படுத்தினால் மிச்சமான தொகை ஒரே நாளில் கரைந்துவிடும்.

கட்டணம் எப்படிக் குறைகிறது?

விமானக் கட்டணம் தூரத்தை மட்டும் வைத்து நிர்ணயிக்கப்படுவதில்லை. எந்த இரு நகரங்களுக்கு இடையே போட்டி அதிகமோ, அங்கே கட்டணம் குறைவாக இருக்கும். முழுச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பல, ஒரு நகரில் புறப்பட்டு வேறொரு நகருக்குத் திரும்பும் பயணத்துக்கு இரண்டு இருவழிக் கட்டணங்களில் இருந்தும் ஏறத்தாழப் பாதிப் பாதியை எடுத்துக் கூட்டுகின்றன. தனித்தனி ஒருவழிச் சீட்டுகளைவிட இது பெரும்பாலும் மலிவு.

கணக்கு புரிவதற்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்ளலாம். டெல்லி–சிங்கப்பூர் இருவழிக் கட்டணம் 30,000 ரூபாய், திருச்சி–சிங்கப்பூர் இருவழிக் கட்டணம் 24,000 ரூபாய், டெல்லி–திருச்சி உள்நாட்டு விமானக் கட்டணம் ஒருவழிக்கு 8,000 ரூபாய் எனக் கொள்வோம். இரு பயணங்களையும் தனித்தனியே மேற்கொண்டால் ஒருவருக்கு 46,000 ரூபாய் ஆகும். டெல்லி–சிங்கப்பூர்–திருச்சி எனச் சென்று, பின்னர் டெல்லி திரும்பினால் 35,000 ரூபாய் போதும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மிச்சம் 44,000 ரூபாய். கடைசிப் பகுதியைத் திருக்குறள் விரைவு ரயிலிலோ, தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி ரயிலிலோ முடித்துக்கொண்டால் செலவு மேலும் குறையும்.

இந்தக் கணக்கில் மிச்சம் வருவதற்குக் காரணம் கட்டணச் சலுகை மட்டுமன்று. நாட்டின் நீளத்தை இருமுறை பறந்து கடப்பது தவிர்க்கப்படுவதே முதன்மைக் காரணம்.

குறைந்த கட்டண நிறுவனங்களில் நிலைமை வேறு. அவை பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை வைப்பதால், 'மல்டி சிட்டி' என்ற பெயருக்காகச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் நகரத் தேர்வில் சுதந்திரம் உண்டு. திருச்சியில் இருந்து கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து பேருந்தில் சிங்கப்பூர் போய், சிங்கப்பூரில் இருந்து திருச்சிக்கே திரும்பும் வழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரு நாடுகளையும் பார்த்த பின், விமானம் ஏறுவதற்காக மீண்டும் கோலாலம்பூருக்குத் திரும்பும் வீண் செலவு இதில் இல்லை.

திருச்சிக்கு உள்ள வாய்ப்பு மதுரைக்கு ஏன் இல்லை?

இத்தகைய பயணத்தைத் திட்டமிடுவோர் விரைவில் ஒன்றைக் கவனிப்பர். திருச்சிக்குத் தேர்வுகள் பல உள்ளன. மதுரைக்கு மிகச் சில. இதற்குப் பயணிகளின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்று இந்தியாவின் எந்த நகருக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகளை இயக்கலாம் என்பதை இரு நாடுகளுக்கு இடையிலான விமானச் சேவை ஒப்பந்தங்களே முடிவு செய்கின்றன. எடுத்துக்காட்டாக, இந்தியா–துபாய் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014 முதல் உள்ளது.

ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் கட்டுப்பாடின்றி வந்துசெல்ல, 18 இந்தியச் சுற்றுலா நகரங்களை மத்திய அரசு முன்பே திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் இருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் திருச்சி. மதுரையும் கோவையும் அதில் இல்லை. தனி ஒப்பந்தங்களின் வழியாகக் கோவைக்குச் சிங்கப்பூர், ஷார்ஜா நிறுவனங்கள் வருகின்றன. மதுரைக்குக் கொழும்பில் இருந்து ஸ்ரீலங்கன் நிறுவனம் வருகிறது. பிற வெளிநாட்டுச் சேவைகள் இந்திய நிறுவனங்களையே நம்பியுள்ளன. இந்திய நிறுவனங்களுக்கு நகரக் கட்டுப்பாடு இல்லை என்பதே அதற்குக் காரணம்.

1,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட திருச்சியின் புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். 2025 மார்ச் இறுதியில் திருச்சி–யாழ்ப்பாணம் விமானச் சேவையும் தொடங்கியது. டெல்லியில் இருந்து கொழும்பு சென்று, தரைவழியே யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து திருச்சிக்குத் திரும்புவது என்பது இதனால் சாத்தியமாகியுள்ளது.

சிறு நகர விமான நிலையங்களின் பயன் தமிழ்நாட்டோடு நின்றுவிடுவதில்லை. அதே 18 நகரப் பட்டியலில் உள்ள அமிர்தசரசுக்குச் சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனம் விமானங்களை இயக்கி வருகிறது. டெல்லியில் இருந்து ரயிலில் சில மணி நேரத்தில் செல்லக்கூடிய ஊர் அது.

ஒரே சீட்டா, தனித்தனிச் சீட்டுகளா?

மிச்சத்தைக் காப்பதும் கெடுப்பதும் இந்த ஒரு கேள்விதான். எல்லாப் பகுதிகளும் ஒரே பி.என்.ஆர். எண்ணில், ஒரே பயணச்சீட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்த விமானம் தவறினாலும் பயணியைச் சேருமிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு பொதுவாக நிறுவனத்துடையது. தனித்தனியே வாங்கிய சீட்டுகளில், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் நேரத்துக்கு வராத பயணி மட்டுமே. பணம் திரும்பக் கிடைப்பது அரிது.

2025 டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது இந்த ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்தது. கட்டணங்கள் எகிறியதால் மத்திய அரசு தலையிட்டு உச்சவரம்பு விதித்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உள்நாட்டுப் பயணத்துக்கு அந்த வரம்பு வரிகள் நீங்கலாக 18,000 ரூபாய். டெல்லி–திருச்சி இந்தப் பிரிவில்தான் வரும். அதாவது, வரம்பு நடைமுறையில் இருந்தபோதுகூட, தவறிப்போன ஒரேயொரு உள்நாட்டு விமானத்துக்கு மாற்றுச் சீட்டு வாங்க, மேலே சொன்ன கணக்கில் ஒருவருக்கு மிச்சமாகும் 11,000 ரூபாயைவிடக் கூடுதலாகச் செலவாகியிருக்கலாம்.

தனிச் சீட்டுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. இடைநகரில் பெட்டிகளைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தால், அந்நாட்டுக் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம். சிங்கப்பூர் செல்ல இந்தியர்களுக்கு விசா கட்டாயம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாட்கள் வரை விசா இன்றி அனுமதித்து வருகிறது. ஆனால் கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள் தனித்தனியே இருப்பதால், விமானம் மாறுவோர் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

கடைசிப் பகுதியைக் கைவிடலாமா?

சில வேளைகளில் தொலைவான ஊருக்கான சீட்டு, இடையிலுள்ள ஊருக்கான சீட்டைவிட மலிவாக இருக்கும். அதை வாங்கி நடுவழியில் இறங்கிவிடும் பழக்கம் உலகெங்கும் உள்ளது. இதைப் பல நிறுவனங்களின் விதிமுறைகள் தடை செய்கின்றன. இப்படிப் பயணம் செய்த ஒருவர்மீது ஜெர்மனியின் லுஃப்தான்சா தொடர்ந்த வழக்கைப் பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. மறுபுறம், இவ்வகைச் சீட்டுகளைக் காட்டும் ஸ்கிப்லாக்டு இணையதளத்துக்கு எதிராக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடர்ந்த வழக்கில், பதிப்புரிமை மீறலுக்காக 94 லட்சம் டாலர் வழங்க 2024 அக்டோபரில் ஜூரி தீர்ப்பளித்தது.

பயணிக்கு உடனடி ஆபத்து நீதிமன்றத்தில் இல்லை, சீட்டிலேயே இருக்கிறது. பல நகரச் சீட்டின் பகுதிகளை வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும். முதல் பகுதியில் ஏறாவிட்டால், மீதமுள்ள அனைத்தும் ரத்தாகும் வாய்ப்பு அதிகம். டெல்லியில் ஏறாமல் பின்னர் சேர்ந்துகொள்ளலாம் என எண்ணுவோர் முழுச் சீட்டையும் இழக்க நேரிடலாம்.

பணம் செலுத்தும் முன் பெட்டிக்கான கட்டணம், இருக்கைக் கட்டணம், தேதி மாற்றக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் சீட்டை, புறப்படும் நாளுக்குக் குறைந்தது 7 நாட்கள் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்ய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016-ல் வழிவகுத்தது. இந்த அவகாசத்தை 48 மணி நேரமாக உயர்த்தும் வரைவு 2025 நவம்பரில் வெளியானது. சீட்டு வாங்கும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பயணியின் கையில் உள்ளது இவ்வளவே: வழியைச் சுருக்குவது, ஒரே சீட்டில் வாங்குவது, வரிசை தவறாமல் பறப்பது. எந்த ஊரில் இறங்கலாம் என்பதற்கான தேர்வு விரிவடைய வேண்டுமெனில், மதுரை போன்ற நகரங்கள் விமானச் சேவை ஒப்பந்தங்களில் இடம்பெற வேண்டும். அந்த முடிவு மோதி பாக்கில் இருந்து தொலைவில் இல்லாத மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கையில் உள்ளது.