யாரங்கே?

பேய், பிசாசு, பயங்கரம் என்னும் வகைக் கதைகளை இப்பகுதியில் நான் எடுத்துப் பேசுவதில்லை என்பதை வாசகர்கள் அறிவர். அத்தகைய நூல்களிற் பெரும்பாலானவை இரவில் அச்சமூட்டிக் காலையில் மறந்துபோகும் இயல்பின. ஆயினும் சென்ற மாதம், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரான நண்பரொருவர் மெல்லிய ஆங்கில நூலொன்றை என் கையில் வைத்து, "வாசித்துவிட்டுப் பிறகு சொல்லும்" என்றார். ஒரே இருப்பில் முடித்தேன். மறுநாள் முதற் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன். ஆதலால் இவ்வாரம் என் விதியை நானே மீறுகிறேன்.

நூலின் பெயரைத் தமிழில் "யாரங்கே?" என்று சொல்லலாம். காவலாளி இருளை நோக்கிக் கேட்கும் கேள்வி அது. எழுதியவர் ஜோன் டபிள்யூ. கம்பெல் என்னும் அமெரிக்கர். 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் "அஸ்டவுண்டிங் சயன்ஸ் பிக்சன்" என்ற சஞ்சிகையில் இந்தக் குறுநாவல் வெளிவந்தது. அச்சஞ்சிகையின் ஆசிரியரும் அப்போது அவரே. மனைவியின் பெயரிலிருந்து அமைத்துக்கொண்ட டொன் ஏ. ஸ்டுவேட் என்ற புனைபெயரில் இதனை எழுதினார்.

கதை நிகழுமிடம் தென்துருவம். ஆராய்ச்சிக்கெனச் சென்ற அமெரிக்கர் சிலர் பனிக்கடியில் கூடாரமமைத்துக் குளிர்காலத்தைக் கழிக்கின்றனர். பெண் ஒருத்தியும் அங்கில்லை. காந்தமானியின் முள் ஓரிடத்தில் தாறுமாறாகத் திரும்புவதைக் கண்டு சென்று அகழ்ந்தபோது, இருபது மில்லியன் ஆண்டுகளாகப் புதையுண்டு கிடந்த விண்கலமொன்று தட்டுப்படுகிறது. பனியை உருக்க அவர்கள் வைத்த நெருப்பு கலத்தையே எரித்துவிடுகிறது. எஞ்சியது, பனிக்கட்டிக்குள் உறைந்த ஓர் உயிரினத்தின் உடல் மட்டுமே. சிவந்த மூன்று கண்களும் புழுப்போல் நெளிந்த நீல மயிரும் கொண்ட அதனைக் கூடாரத்துக்குக் கொண்டுவருகின்றனர். "ஆராய வேண்டும், உருக்குங்கள்" என்று பிளேயர் என்ற உயிரியலறிஞர் வாதாடுகிறார். நொறிஸ் என்ற பௌதிக விஞ்ஞானி வேண்டாமென்கிறார். உருக்குகின்றனர். அது சாகவில்லை.

இதுவரை கேட்டால், எத்தனையோ முறை கேட்ட கதைதானே என்று தோன்றும். கம்பெலின் திறமை இதன் பின்னரே தெரிகிறது. அந்த உயிரினம் கோரப்பற்களைக் காட்டித் துரத்துவதில்லை. தான் தீண்டிய உயிரைத் தின்று, அதுவாகவே ஆகிவிடுகிறது. நாயைத் தின்றால் நாய். மனிதனைத் தின்றால் அம்மனிதனே. அவனுடைய குரல், நடை, வேடிக்கைப் பேச்சு, இளமை நினைவுகள் அனைத்தும் அதனிடம் வந்துவிடுகின்றன. நேற்றுவரை ஒரே பானையில் உண்டவர்கள், இன்று எதிரிலிருப்பவன் இன்னும் அவன்தானா என்று அறியாமல் விழிக்கின்றனர். பால் கறக்க வைத்திருந்த பசுக்களும் மாறிவிட்டன என்பது வெளியானதும், தாம் அருந்திய பாலை ஒவ்வொருவனும் எண்ணிப் பார்க்கிறான். அந்த இடத்தை வாசித்தபோது என் மேசையில் இருந்த தேநீர் ஆறிப்போயிற்று.

நம்மவருக்கு இது முற்றிலும் புதிய சங்கடமன்று. நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரத்தை எண்ணிப் பாருங்கள். தேவர்கள் நளனின் உருவிலேயே வந்து வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவள் எவ்வாறு கண்டுகொண்டாள்? தேவர்க்குக் கண் இமையாது, பாதம் நிலத்திற் படியாது, சூடிய மாலை வாடாது. பொய்யுருவின் உயர்வே அதனைக் காட்டிக்கொடுத்தது. கம்பெலின் உயிரினத்துக்கோ அத்தகைய அடையாளம் எதுவுமில்லை. அது இமைக்கிறது, வியர்க்கிறது, தன்னை நம்பும்படி கெஞ்சவும் செய்கிறது. இரவில் அதனோடு தனித்துக் காவலிருந்த கொனன்ற் என்பவன், தான் மனிதனே என்று மன்றாடுமிடம் இருக்கிறதே, அதனை என்னால் எளிதாகக் கடந்துசெல்ல முடியவில்லை.

அதற்கு ஒரு காரணமுண்டு. என் தாயார் கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியிருந்தார். ஒரு மாலை நான் கஞ்சி கொடுக்கச் சென்றபோது என்னை உற்றுப் பார்த்து, "நீங்கள் ஆர் தம்பி? என்ரை மகன் எங்கை?" என்று கேட்டார். நான்தான் அவன் என்றேன். நம்பவில்லை. ஐந்து வயதில் நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததையும், அவர் என்னைத் தூக்கிக்கொண்டு பரியாரியார் வீட்டுக்கு ஓடியதையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை அவன் உங்களுக்குச் சொல்லியிருப்பான்" என்றார். அதற்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. இன்றும் இல்லை. கொனன்றின் நிலையும் அதுவே. அவன் எடுத்துரைக்கும் ஒவ்வொரு நினைவும் உண்மை. ஆனால் எதுவும் சான்றாவதில்லை.

சோதனை செய்து அறிய அவர்கள் முதலில் வகுக்கும் வழி மருத்துவர் கொப்பருடையது. நாயொன்றின் உடலில் மனித இரத்தத்தைச் செலுத்தினால், மனித இரத்தத்தை இனங்காணும் தன்மை நாயின் இரத்தத்தில் உண்டாகும். அதனை வைத்து மற்றவர்களைச் சோதிக்கலாம். இது உண்மையான விஞ்ஞான முறையே. இரத்தக் கறை மனிதனுடையதா என்று அறிய 1901ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் இதையொத்த சோதனையைக் கண்டறிந்தனர். கொப்பரும் தலைவர் காரியும் தங்கள் இரத்தத்தைத் தருகின்றனர். முடிவைப் பார்த்தால், நாயின் இரத்தம் மனித இரத்தத்தோடு அந்தப் பிராணியின் இரத்தத்தையும் சேர்த்தே இனங்காண்கிறது! அப்படியானால் இரத்தம் தந்த இருவருள் ஒருவர் மனிதரல்லர். எல்லாரும் அதிகம் நம்பிய இருவர் இவர்களே. காரி அக்கணமே தலைமையைத் துறக்கிறார். இருவருள் யாரென்பதை நான் சொல்லப் போவதில்லை.

இதற்குப்பின் மக்ரெடி என்பவன் கண்டறியும் சோதனையே இந்நூலைப் பிறவற்றினின்றும் பிரித்து நிறுத்துகிறது. அந்த உயிரினத்தின் ஒவ்வொரு துளியும் தனித்தனி உயிர். ஆகவே அதன் இரத்தத்தில் காய்ச்சிய கம்பியை வைத்தால், துளி தன்னைக் காத்துக்கொள்ள விலகும். மனிதனின் இரத்தமோ மனிதனின் ஓர் உறுப்பு. உடலைவிட்டுப் பிரிந்தபின் தனக்கென அஞ்சி ஓட அதற்குத் தெரியாது. சுட்டால் பேசாமல் பொசுங்கும். சீதையின் அக்கினிப் பரீட்சையில் எரியாதது தூய்மைக்குச் சான்றாயிற்று. இங்கே பொசுங்குவதே சான்று. ஒருவர்பின் ஒருவராய்க் குருதி தந்து, கம்பி அமிழும் ஓசைக்காகக் காத்திருக்கும் அப்பக்கங்களில் ஆசிரியர் ஒரு சொல்லும் மிகையாகச் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. பாத்திரங்கள் மிகப் பலர். பெயரளவிலேயே நிற்பவர் பாதிக்கு மேல். மக்ரெடியை வெண்கலச் சிலையென்று ஆசிரியர் திரும்பத் திரும்ப வருணிப்பது சலிப்பூட்டுகிறது. அந்த உயிரினம் பிறர் மனத்தையும் அறிய வல்லது என்று ஓரிடத்திற் சொல்லிவிட்டு, அப்படியானால் மக்ரெடியின் சூழ்ச்சியை அது ஏன் முன்கூட்டியே அறியவில்லை என்பதற்கு நேரான விடை தரவில்லை. இந்த ஓட்டையை என் நண்பரிடம் சுட்டியபோது அவர் நெடுநேரம் வாதாடினார். எனக்குச் சமாதானமாகவில்லை.

கம்பெலின் தாயாருக்கு உருவில் வேறுபாடற்ற இரட்டைச் சகோதரி ஒருவர் இருந்தார் என்றும், அவர் சிறுவனிடம் அன்பு காட்டாதவர் என்றும், ஓடிவந்து பேசும் பிள்ளைக்கு எதிரில் நிற்பவர் தாயா சிறியதாயா என்று தெரியாமற் போனதுண்டு என்றும் அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. கதையின் வேர் அங்கேதான் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் துணியேன். ஆயினும் அதனை அறிந்தபின் நூல் வேறுவிதமாகத் தோன்றியது உண்மை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. பிற்காலத்தில் கம்பெல் கறுப்பின மக்களைப்பற்றி எழுதிய கருத்துகள் வெறுக்கத்தக்கவை. அதன் பொருட்டு, புதிய எழுத்தாளர்களுக்காக அவர் பெயரில் வழங்கப்பட்ட விருதின் பெயர் 2019ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. தோற்றத்தை வைத்து உள்ளிருப்பவனை அறிய முடியாது என்று இத்தனை அழுத்தமாக எழுதியவர், தோலைப் பார்த்தே மனிதரை எடைபோட்டார்! அவர் 1971இல் மறைந்தார். கேட்பதற்கு ஆளில்லை.

இக்கதையைத் தழுவி 1951இல் வெளிவந்த திரைப்படம், உருமாறும் தன்மையை விட்டுவிட்டு, தாவர இனத்து அரக்கன் ஒருவனை வடதுருவத்தில் உலவவிட்டது. சாரம் போயிற்று. ஜோன் கார்ப்பென்ரர் 1982இல் எடுத்த படம் மூலத்துக்கு மிக நெருக்கமானது. வெளிவந்தபோது தூற்றியவர்களே அதிகம். இன்று அது போற்றப்படுகிறது. எனினும் அதில் இரத்தமும் சதையும் சிதறும் காட்சிகள் மிகுதி. பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தக்கதன்று.

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இருந்த கம்பெலின் தாள்களிடையே இதே கதையின் நீண்ட கைப்பிரதி கிடைத்து, 2019இல் "உறைந்த நரகம்" என்ற பொருள்படும் பெயரில் நூலாயிற்று. விண்கலத்தைக் கண்டெடுக்கும் பகுதி அதில் விரிவாக வருகிறது. அதனை வெட்டியெறிந்து, கூடாரத்தின் துர்நாற்றத்தோடு கதையைத் தொடங்கிய கம்பெல் சரியாகவே செய்தார் என்பது என் எண்ணம். முதலிற் குறுகிய பிரதியையே வாசியுங்கள். பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையிற் கொடுக்க வேண்டாம். நண்பரின் பிரதி என்னிடந்தான் இருக்கிறது. அவர் இருமுறை கேட்டுவிட்டார். வருகிற ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.