தோல்வியைத் தேடும் அணிகள்

ஆடுகளத்தில் இறங்குகின்றவன் வெல்லவே இறங்குகின்றான் என்பது நாம் யாவரும் ஐயமின்றிக் கொண்டுள்ள எண்ணம். வீட்டுத் திண்ணையிலே கரம் ஆடும்போது, தம்பியின் முகம் வாடக்கூடாதென்று தோற்றுக்கொடுக்கும் அண்ணனை அறிவோம்; அது அன்பின்பாற்பட்டது. ஆனால், கோடிக்கணக்கான டொலர் புரளும் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலே, பருவத்தின் கடைசி நாட்களில் தோல்வியே இலாபமெனக் கணக்கிடும் அணிகளும் உண்டென்றால் வாசகர் வியப்புறலாம்.

இதன் சூட்சுமம் போட்டி அமைப்பிலே கிடக்கின்றது. அந்நாட்டுத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் 30 அணிகள் கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாய்ப் பிரிந்து, வழக்கமாக ஒவ்வொன்றும் 82 ஆட்டங்கள் ஆடும். பின்னர் பகுதிக்கு எட்டு அணிகள் வெளியேற்றச் சுற்றுக்குச் செல்லும். அங்கே முதலாம் இடத்தார் எட்டாம் இடத்தாரையும், மூன்றாம் இடத்தார் ஆறாம் இடத்தாரையும், நாலாம் இடத்தார் ஐந்தாம் இடத்தாரையும் சந்திப்பர். முதலில் நான்கு ஆட்டங்களை வென்றவர் மேலே செல்வர். ஆகவே, நாம் எத்தனையாம் இடம் என்பதைவிட, எதிரே நிற்பவர் யார் என்பதே சிலவேளை பெரிதாகிவிடுகின்றது.

2006 ஆம் ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. அக்காலத்து விதிப்படி, மேற்குப் பகுதியின் மூன்று பிரிவுகளில் முதல்வராய் வந்தோருக்கே முதல் மூன்று இடங்களும் உரியன. சான் அன்ரோனியோ 63 வெற்றியும் டலஸ் 60 வெற்றியும் பெற்றிருந்தன. ஆயினும் இரண்டும் ஒரே பிரிவைச் சேர்ந்தவையாதலால், டலஸ் நாலாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. டென்வரோ 44 வெற்றியுடன் தன் பிரிவில் முதல்வராகி மூன்றாம் இடத்தில் அமர்ந்தது. எனவே ஐந்தாம் இடத்துக்கு வருபவருக்கு 60 வெற்றி பெற்ற டலஸ் எதிரி. ஆறாம் இடத்துக்கு வருபவருக்கு 44 வெற்றி பெற்ற டென்வர் எதிரி! போதாக்குறைக்கு, சொந்த அரங்கில் கூடுதலாக ஆடும் உரிமை அதிக வெற்றி பெற்றவருக்கே என்பதால், ஆறாம் இடத்தாருக்கு அதுவும் கிடைக்கும்.

இந்நிலையில், பருவம் முடியும் தறுவாயில் மெம்பிஸ் கிறிஸ்லீஸ் அணியும் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியும் மோதின. மெம்பிஸ் வென்றது. வென்ற குற்றத்துக்காக (வேறென்ன சொல்வது?) டலஸிடம் சென்று நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. தோற்ற கிளிப்பர்ஸோ டென்வரை நாலுக்கு ஒன்றென வீழ்த்தியது. 1976 இன் பின் அவ்வணி வென்ற முதல் வெளியேற்றத் தொடர் அதுவே. வேண்டுமென்றே தோற்றார்கள் என எவரும் நிரூபித்ததில்லை. ஆயினும் சங்கத்தார் அடுத்த பருவத்துக்கு முன்பே விதியைத் திருத்தினர்.

இப்பொருளை உயர்தர வகுப்பில் எடுத்துச் சொன்னபோது மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், அப்படியென்றால் ஆட்டக்காரர் பந்தை வேண்டுமென்றே வெளியிலா எறிவார்கள்?" கூரிய கேள்வி. அப்படி எவரும் எறிவதில்லை. முதன்மை வீரருக்கு "ஓய்வு" கொடுக்கப்படும். மாற்று ஆட்டக்காரரான இளைஞர் களமிறங்குவர். அவ்விளைஞர் உயிரைக் கொடுத்தே ஆடுவர். நிலையான இடம் பெற அவர்களுக்கு அதுவன்றோ தருணம்! தோல்வியைத் தீர்மானிப்பது களமன்று, பெயர்ப்பட்டியல் எழுதும் மேசை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலே இலகுவான எதிரியைப் பெற விரும்பிய பூப்பந்தாட்டப் பெண்கள் எண்மர் தாமே பந்தை வலையில் அடித்துக் காட்டி, போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். பயிற்சியாளரின் மேசை அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை.

பயிற்சியாளர் பக்கத்திலும் நியாயமுண்டு. அவருடைய கடமை கிண்ணத்தை வெல்வது. களைத்த வீரனைப் பாதுகாப்பதும் அதிலடங்கும். ஆனால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் சேர்த்த பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி வந்த தகப்பனுக்கு இந்த நியாயம் என்ன ஆறுதல் தரும்? அவர் பார்க்க வந்தது ஒரு பந்தயத்தை; கணக்கை அன்று. என் மனம் அவர் பக்கமே சாய்கின்றது.

கணக்கும் எப்போதும் பலிப்பதில்லை. கொள்ளைநோய் காரணமாக 72 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்ட பருவம் 2021 மே மாதத்தில் முடிந்தபோது, அதே கிளிப்பர்ஸ் மேற்குப் பகுதியின் கடையிரு அணிகளான ஹூஸ்ரனிடமும் ஒக்லஹோமாவிடமும் அடுத்தடுத்துத் தோற்று, நாலாம் இடத்துக்கு இறங்கியது. முந்திய ஆண்டின் வெற்றிவீரரான லேக்கர்ஸ், காயங்களினால் ஏழாம் இடத்துக்குச் சரிந்திருந்தது. அதனை எளிதில் எதிர்கொள்ளாதிருக்கவே இந்த இறக்கம் என்று பலரும் பேசினர். ஐந்தாம் இடத்தில் காத்திருந்த டலஸ், கிளிப்பர்ஸின் சொந்த அரங்கிலேயே முதலிரு ஆட்டங்களையும் வென்று அதனைத் திணறடித்தது. ஏழாவது ஆட்டத்திலேதான் கிளிப்பர்ஸ் தப்பியது. அஞ்சப்பட்ட லேக்கர்ஸோ முதற்சுற்றிலேயே பீனிக்ஸிடம் தோற்று வீடு திரும்பியது. மேற்குப் பகுதியின் இறுதித் தொடரில் கிளிப்பர்ஸை ஆறு ஆட்டங்களில் வெளியேற்றியதும் அந்தப் பீனிக்ஸ்தான்.