கூடிக் கேட்டல்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானோ மோட்டார் வண்டியிலுள்ள வானொலிப் பெட்டியைப் பற்றியும் கைத்தொலைபேசியைப் பற்றியும் எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம் உண்டு. கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார் திருவள்ளுவர். நூலைக் கையிலெடுக்க வாய்ப்பில்லாதவனும் கேட்டறியலாம் என்பது நம் முன்னோர் கொள்கை. அக்கேள்விச் செல்வம் நம் பிள்ளைகளிடத்து இன்று எவ்வாறு உளது என்பதே ஈண்டு யான் ஆராயப் புகும் பொருள்.

என் இளமைக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டிலே தடைப்பட்ட மின்சாரம் பல்லாண்டுகள் மீளவில்லை. வானொலிக்கு வேண்டிய பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஆயினும் நம்மவர் வானொலி கேட்பதை விட்டாரல்லர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து கம்பிகளைப் பெட்டிக்குத் தொடுத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றிக் கேட்டனர். ஒருவர் சுழற்ற ஒழுங்கை முழுவதும் கேட்கும். கை சோர்ந்தால் குரலும் சோரும். உடனே மற்றொருவர் வந்து கைகொடுப்பார். செய்தி முடிந்தபின் அதன் பொருளை முதியோர் விளக்குவர். சிறுவராகிய நாம் வாய்திறவாது இருப்போம். வறுமையும் அச்சமும் நிறைந்த அக்காலத்தை யான் போற்றுகின்றேனல்லேன். அது மீண்டும் வரலாகாது. ஆனால் ஒரு குரலைப் பலர் கூடியிருந்து கேட்டோம் என்பது மட்டும் உண்மை.

நிற்க. இன்று நிலைமை வேறு. மின்சாரம் உண்டு, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தொலைபேசி உண்டு, உலகத்துப் பாட்டெல்லாம் அதனுள் உண்டு. ஆயினும் அப்பாட்டு அவனவன் காதுக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்மொழித்தினப் போட்டிக்காக மாணவர் சிலரைக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். வாடகைக்கு அமர்த்திய வானிலே பன்னிருவர் இருந்தோம். ஆனையிறவைக் கடக்குமுன்னரே பதினொருவர் காதுகளில் ஒலிவாங்கும் குழல்கள் ஏறிவிட்டன. வாகனத்துக்குள் ஓர் ஊமைச் சபை கூடியது போன்ற நிலை. சாரதியோ வானொலியைத் திருகித் திருகிப் பார்த்து, இரைச்சலன்றி வேறொன்றுங் கேளாமையால் அதனை நிறுத்திவிட்டார்.

அவ்வானொலியில் பழுதில்லை. அது யப்பான் நாட்டிலிருந்து வந்த வான். யப்பானியர் எப். எம். ஒலிபரப்புக்கு நெடுங்காலம் வகுத்திருந்த எல்லை 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையாகும். நம் நாட்டு நிலையங்களோ 88க்கும் 108க்கும் இடையில் உள்ளன. ஆகவே 90க்கு மேற்பட்ட நிலையம் எதுவும் அப்பெட்டிக்கு எட்டாது. 2020 ஆம் ஆண்டு முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், இத்தகைய பழைய வண்டிகளே இன்றும் நம் வீதிகளில் மிகுதியாக ஓடுகின்றன. அவற்றின் வானொலிகள் பல, வாயிருந்தும் பேசா நிலையில் உள்ளன.

அப்பொழுது மாணவன் ஒருவன், "சேர், ஒன்று செய்து காட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு முன்னே வந்தான். அவன் கையிலிருந்தது, வெளிநாட்டிலிருக்கும் அவன் மாமனார் கொடுத்த பழைய நொக்கியாத் தொலைபேசி. 2008 ஆம் ஆண்டில் வந்த என் 78, 2009 இல் வந்த என் 97, என் 900 முதலிய சில தொலைபேசிகளில் மிகச் சிறிய எப். எம். ஒலிபரப்பி ஒன்று உள்ளே அமைந்திருந்தது. தொலைபேசியிலுள்ள பாட்டை அது வானொலி அலையாக்கி ஓரிரு மீற்றர் தூரத்துக்கு வெளியிடும். 88க்கும் 90க்கும் இடையே நிலையம் எதுவுமில்லாத ஓர் இலக்கத்தை அவன் தொலைபேசியிற் குறித்தான். சாரதி அதே இலக்கத்துக்கு வானொலியைத் திருப்பினார். கம்பியின்றி, பெட்டியைக் கழற்றாமல், ஒரு சதமும் செலவின்றி அவ்வூமைப் பெட்டி பேசத் தொடங்கிற்று.

வெளிவந்தது சினிமாப் பாட்டன்று. அப்பிள்ளையின் அம்மம்மா வயல் வேலையின்போது தாம் பாடிய அரிவி வெட்டுப் பாட்டொன்றைப் பாடி, அப்பாட்டு எவ்வயலிலே யாரிடம் கேட்டுப் பழகியது என்பதையும் பேரனுக்குச் சொல்லுகின்றார். இடையிடையே இருமலும், கோழி கூவும் ஒலியும் கேட்டன. முதலில் ஒருவன் தன் காதுக்குழலைக் கழற்றினான். பின்னர் மற்றையோரும் கழற்றினர். பாட்டில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் விழித்த மாணவருக்கு, வயல் வேலை அறிந்த சாரதியே விளக்கஞ் சொன்னார். தமிழாசிரியனாகிய எனக்கும் அச்சொல் அன்றுதான் தெரிந்தது என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கின்றேன். வவுனியாவைக் கடந்தபின் வேறொரு நிலையம் குறுக்கிட்டது. இலக்கத்தைச் சற்று மாற்றி மீண்டுங் கேட்டோம். அம்மூதாட்டியார் மறு ஆண்டு காலமாயினார்.

இதனை யான் கூறக் கேட்ட நண்பர் சிலர், "புதிய ஒலிப்பெட்டி வாங்கிப் பூட்டினால் முடியும் காரியத்துக்கு இத்துணைப் புகழ்ச்சி எதற்கு?" என்பர். பணமுள்ளவர் பூட்டுக, யான் தடுக்கவில்லை. இவ்வழியில் ஒலியின் தெளிவு சற்றுக் குறையும் என்பதும் உண்மை. எனினும், பழுதற்ற ஒரு பொருளை அது பழையது என்னும் குற்றத்துக்காக எறிதல் நம் மரபன்று. பெற்றோல் கிடையாத காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயிலே ஓட்டியவர்கள் நம்மவர். இன்றைய தொலைபேசிகளிற் பெரும்பாலானவற்றில் அவ்வொலிபரப்பி இல்லை என்பதும் பொருட்டன்று. புளூடூத் வழியாகத் தொலைபேசியிலிருந்து ஒலியைப் பெற்று எப். எம். அலையாக வெளியிடும் சிறு கருவிகள் கடைகளில் உள்ளன. வண்டியில் சிகரட் பற்றவைப்பதற்கென அமைந்த துளையிற் செருகினாற் போதும். எப். எம். வசதியுள்ள வானொலி ஒன்று வண்டியில் இருத்தலே வேண்டுவது.

வேறொரு மறுப்பு வலிமையுடையது. யாவருக்கும் உரிய வான்வெளியில் ஒவ்வொருவரும் தத்தம் குரலை விடுத்தால் என்னாகும்? மாணவர்கள் இதனைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். பிரித்தானியாவிற்கூட இச்சிறு ஒலிபரப்பிகள் 2006 டிசம்பரிலேதான் அனுமதி பெற்றன. அங்கே விதித்த எல்லை 50 நனோவாற்று. அஃதாவது ஒரு வாற்றில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவே வண்டிக்குப் போதும். அதனைப் பெருக்கி ஊர் முழுவதும் கேட்கச் செய்வேன் என ஆர்வமுள்ள பிள்ளை ஒருவன் முயலக்கூடும். இந்தியாவிலே பீகார் மாநிலத்து மன்சூர்ப்பூர்க் கிராமத்தில் ராகவ் மகாதோ என்னும் இளைஞர் தம் கையாலேயே செய்த எப். எம். நிலையத்தை ஊரார் மிக விரும்பிக் கேட்டனர். ஆயினும் உரிமம் இன்மையால் 2006 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. நம் நாட்டிலும் அலைவரிசைகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளன. மேலும், எப். எம். முடியும் 108 மெகாஹேட்ஸிலிருந்தே விமானப் போக்குவரத்துக்கான அலைகள் தொடங்குகின்றன. பலாலியில் 2019 ஆம் ஆண்டு முதல் சர்வதேச விமான நிலையம் உண்டு. ஒழுங்கற்ற ஒலிபரப்பி ஒன்றின் அலை எல்லை கடந்தால் விளையும் தீங்கு விளையாட்டாகாது. ஆகவே எட்டும் தூரம் நம் வண்டியின் கதவுவரை. எடுக்கும் இலக்கம் யாரும் பயன்படுத்தாத இலக்கம். இவ்விரண்டும் மாறாத விதிகளாகுக.

இவ்வெல்லைக்குள்ளே ஓர் அரிய இயல்பு அமைந்துள்ளது. எப். எம். முறையில் ஒரே இலக்கத்தில் இரண்டு அலைகள் வந்து சேருமாயின், வானொலி அவற்றுள் வலிமையாக வந்து சேர்வதையே பற்றிக்கொள்ளும். மற்றையதைப் பெரும்பாலும் விட்டுவிடும். பல்லாயிரம் வாற்று வலுவுடைய நிலையமாயினும் அது தொலைவிலிருந்தால், அருகேயுள்ள அணுவளவான ஒலிபரப்பி அதனை வென்றுவிடும். கல்வியும் இத்தகையதே என்பது ஆசிரியத் தொழிலில் யான் கண்ட உண்மை. உலகத்தின் பெருங் குரல்கள் எத்துணை உரத்து ஒலிப்பினும், வீட்டிலும் வகுப்பிலும் அண்மையிலிருந்து பேசும் சிறு குரலையே பிள்ளை பற்றிக்கொள்ளுகின்றான். அச்சிறு குரல் ஓய்ந்திருந்தால் மட்டுமே தூரத்துக் குரல் உள்ளே புகுகின்றது.

ஆதலின் பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொலைபேசிகளில் தாய் தந்தையரின் பேச்சும், பாட்டியர் பாட்டும், உங்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களின் விரிவுரையும் எத்தனையோ பதிந்து கிடத்தல் கூடும். தொலைபேசி பழுதாகும் நாளில் அவையும் அழியும். வெளிநாட்டில் வாழ்வோர் ஊருக்கு வரும்போது முதியவர் ஒருவரோடு அரைமணி நேரம் அமர்ந்து அவர் குரலைப் பதிந்து, பேசியவரின் இசைவுடன் ஒரு படியைக் கல்லூரி நூலகத்துக்கு அளியுங்கள். 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் பேணுகின்றது, அங்கும் அளிக்கலாம். மாணவர்களே, விளையாட்டுப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் வண்டியேறும்போது ஒருமணி நேரமாவது காதுக்குழல்களைக் கழற்றி, அக்குரல்களை வண்டி வானொலியிற் கூடிக் கேளுங்கள். பொருள் தெரியாத சொல்லை அருகிலிருப்பவரிடம் வினவுங்கள். எஞ்சிய நேரத்தில் உங்களுக்கு விருப்பமான பாட்டைக் கேளுங்கள். அதனையும் கூடியே கேளுங்கள்.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பில் முறையாகத் தொடங்கிற்று. அதன் வயது ஏறத்தாழ நம் மூத்த பழைய மாணவரின் வயதே. மூத்தோர் என்பதற்காக அவர்களை நாம் மூலையில் இருத்துவதில்லை. யூபிலி மேடையில் முன்வரிசையில் இருத்துகின்றோம். வண்டியிலுள்ள பழைய பெட்டிக்கும் அவ்வளவேனும் இடங் கொடுப்போமாக. அதன் வழியே நம் வீட்டார் குரல் ஒலிக்குமாயின், நம் பிள்ளைகளின் கேள்விச் செல்வம் குறைவுறாது.